பதினேழாம் கிணறு

போன வாரம் நித்யா போனில் கூப்பிட்டாள். சுரங்கத்தின் நீர்க்கணக்குப் பிரிவில் நான் காலி செய்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், இனிமே ரெண்டு பேரு தனித்தனியா கணக்கு போட வேணாமாம். சாஃப்ட்வேர் வந்துடுச்சு. அந்த ரெட்டைத் தாள் முறையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. மகளிர் தின மலர்ல போடலாம்."

தலைப்பைக்கூட அவளே வைத்திருந்தாள்: 'நெய்வேலியின் கணித மேதை'. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. மேதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கினேன், அவ்வளவுதான். எழுதினால் நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் எழுதுவேன், போடுவதும் போடாததும் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். "சரிங்க மேடம், எழுதுங்க" என்றாள்.

எனக்குச் சொந்த ஊர் திருவதிகை. அப்பா பண்ருட்டி பலா மண்டியில் எடை போடுபவர். சிதம்பரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போய் வந்து எம்.எஸ்சி. கணிதம் முடித்தேன். ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று சொன்னபோது அம்மா, "ஆராய்ச்சி பண்ணி யாருக்கு ஆவப்போவுது" என்றாள். அதே மாதம் சுரங்கத்தில் வேலைக்கு ஆணை வந்தது. பதவியின் பெயர் 'கம்ப்யூட்டர்'. அப்போதெல்லாம் அது மனுஷர் பார்க்கிற வேலை. பெட்டியாக மேசைக்கு வந்தது பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான். சேர்ந்த வருஷமே கல்யாணம், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சுரங்கத்தில் நிலக்கரிக்குக் கீழே மணல் இருக்கிறது. மணல் முழுக்கத் தண்ணீர். அது சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை, மேலே தள்ளிக்கொண்டே இருக்கிற தண்ணீர். கொதிக்கிற உலை மூடியைத் தூக்குகிற மாதிரி சுரங்கத்தின் தரையைத் தூக்கப் பார்க்கும். அதனால் இரவும் பகலும் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரின் அழுத்தம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அங்கங்கே அளவுக் கிணறுகள் உண்டு. கிணறு என்றால் கை நுழைகிற அளவு குழாய்தான். அதில் டேப்பை இறக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் எந்த உயரத்துக்கு மேல் வரக்கூடாது என்பதற்கு ஒரு கோடு உண்டு. சில பம்புகளை ரிப்பேருக்கு நிறுத்தினால் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் அந்தக் கோட்டைத் தொடும்? இதைச் சொல்வதுதான் எங்கள் பிரிவின் வேலை. நாங்கள் சொல்கிற மணிக்கணக்கை நம்பித்தான் கீழே ஆள் இறங்குவார்கள்.

இந்தக் கணக்கை எப்போதும் இரண்டு பேர் போட வேண்டும். அந்த முறையைக் கொண்டுவந்தவர் வைத்தியநாதன் சார். நான் சேர்ந்தபோது பிரிவு அதிகாரி, கடைசியில் தலைமைப் பொறியாளர். கேள்வியைத் தன் கையால் இரண்டு தாளில் எழுதுவார். ஒன்று எனக்கு, ஒன்று தாமோதரனுக்கு. தாமோதரன் என்னைவிட இரண்டு வருஷம் சீனியர், நல்ல மனுஷன், வாய் மட்டும் நீளம். நான் ஜன்னல் ஓர அறையில் உட்கார வேண்டும், அவர் வரைபட அறையில். கணக்கு முடிகிற வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. டீக்குக்கூடச் சேர்ந்து போகக்கூடாது. முடித்ததும் தாளை நாலாக மடித்து சார் மேசையில் வைக்க வேண்டும். அவர் உட்கார மாட்டார். நின்றபடியே இரண்டு தாளையும் ஒரே நேரத்தில் பிரிப்பார். கடைசி வரியை மட்டும் பார்ப்பார். ஒத்துப்போனால் பச்சை மையில் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் "ம்" என்று சொல்லி இரண்டையும் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் புதுத்தாள் இரண்டு எடுப்பார். யார் சரி, யார் தப்பு என்று கேட்கவே மாட்டார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தடவை விடை ஒத்துவரவில்லை. ஆபீஸ் முழுக்க என்னைப் பார்த்தது. டைப்பிஸ்ட் வாய்விட்டே சொன்னார்: "புதுப் பொண்ணு, பாவம்." மறுபடி போட்டோம். எனக்கு அதே விடை வந்தது, தாமோதரனுக்கு மாறி வந்தது. முதல் தடவை அவர் ஒரு கழித்தல் குறியை விட்டிருக்கிறார். சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தாமோதரன், இன்னிக்குக் காபி நீங்க வாங்குங்க" என்றார். அதோடு சரி. பாராட்டு என்று அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் காபி ஒன்றுதான். எனக்கு அது பிடித்திருந்தது. பெண் பிள்ளை கணக்குப் போடுகிறாளே என்று வாய் பிளப்பவர்களைவிட அவர் எவ்வளவோ மேல்.

இப்படியே பல வருஷம் ஓடியது. கிணறுகளின் எண்கள் தினமும் மேசைக்கு வரும். பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தோன்றியது. பம்பு நின்றதும் ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் ஒவ்வொரு மாதிரி ஏறுவதாகத் தெரிந்தாலும், பின்னால் இருப்பது ஒரே எண்தானோ? அந்த ஒரு எண் தெரிந்தால் தூரத்தையும் நேரத்தையும் போட்டு எந்த இடத்துக்கும் விடை சொல்லிவிடலாமோ? சமையல் செய்துகொண்டே யோசிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அமைந்துவிட்டது. எல்லாக் கிணறும் ஒரே வளைகோட்டில் வந்து உட்கார்ந்தன. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. பிரசவத்துக்குக்கூட நான் அப்படி அழவில்லை. வீட்டுக்காரர் பயந்துபோய், "யாருக்கு என்னாச்சு" என்று கேட்டார்.

சூத்திரம் பிரிவில் பழக்கத்துக்கு வந்தது. தாமோதரனும் அதை வைத்தே போட ஆரம்பித்தார். நான் ஐம்பது வயதை நெருங்கும்போது சிதம்பரத்தில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். இருபத்திரண்டு வயதில் விட்டதை எடுக்கிறோம் என்று ஒரு வீம்பு. சனிக்கிழமைதோறும் பஸ். தானே புயல் வந்து இந்தப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போன அடுத்த வருஷம் ஆய்வேடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பைண்டிங் மட்டும்தான் பாக்கி. டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டு வாசலில் மாட்ட ஒரு பலகைக்கு மகன் சொல்லியும் வைத்துவிட்டான்.

பதினேழாம் நம்பர் கிணறு மட்டும் அந்த வளைகோட்டில் வராது. கிழக்கு ஓரத்தில் இருக்கிற கிணறு. எப்போதும் மற்றவற்றைவிட உயரமாகக் காட்டும். அது மண் அடைத்த கிணறு, மழைத்தண்ணீர் மேலேயிருந்து இறங்கி நிற்கிறது, அதன் அளவை எடுக்கக்கூடாது என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அளவு வந்ததும் அதன் மேல் ஒரு கோடு கிழித்துவிடுவோம். நான் என் தாளில் கிழிப்பேன், தாமோதரன் அவர் தாளில் கிழிப்பார்.

அந்த வருஷம் கிழக்கு வரிசையில் பன்னிரண்டு பம்புகளுக்கு மின்கேபிள் மாற்ற வேண்டியிருந்தது. அத்தனை பம்பை ஒன்றாக அதுவரை நிறுத்தியதில்லை. எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சார் இரண்டு தாளில் கேள்வி எழுதினார். பதினொரு மணி நேரம் என்று நான் எழுதினேன். தாமோதரனும் பதினொன்று. பச்சைக் கையெழுத்து விழுந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பம்புகளை நிறுத்தினார்கள். மாலை ஐந்து வரை அவகாசம். கீழே குழாய் மாற்றுகிற வேலைக்கும் அதே நேரத்தில் ஆள் இறங்கினார்கள்.

பத்து மணி அளவுகளை எடுத்துக்கொண்டு பதினொரு மணி வாக்கில் அஞ்சலை வந்தாள். அஞ்சலை மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருப்பவள், காண்ட்ராக்ட் தொழிலாளி. அவள் குடும்பத்தில் அதற்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பல வருஷமாக எங்கள் கிணறுகளில் டேப் இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் எண் எழுதினால் அச்சு மாதிரி இருக்கும். நான் அளவுகளை வாங்கிப் பார்த்துக்கொண்டே வழக்கம்போல் பதினேழின் மேல் கோடு கிழித்தேன். அவள் மேசைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அத அடிச்சிட்டீங்க?"

"அது அடைச்ச கிணறு அஞ்சலை. பொய் சொல்லும்."

"அடைச்சிக்கினு இல்லம்மா. போன மாசந்தான் காத்து வுட்டு சுத்தம் பண்ணாங்க. நாந்தான் கூட நின்னேன். மண்ணே வரல. எடுத்ததுமே தெளிவா வந்துச்சு தண்ணி."

"சுத்தம் பண்ணாங்களா? யாரு சொன்னது?"

"பேப்பர் குடுத்தாங்களே. நாந்தானம்மா கொண்டாந்து உங்க கையில குடுத்தேன்."

கோப்பை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. பதினேழாம் கிணறு சோதிக்கப்பட்டது, அடைப்பு இல்லை, அளவு நம்பத்தக்கது. கீழே என் கையெழுத்து. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் மூழ்கியிருந்த நாட்கள் அவை. படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சொருகியிருக்கிறேன்.

அஞ்சலை அடுத்த அளவுக்குப் போய்விட்டாள். நான் பழைய பதிவேடுகளை இழுத்தேன். இந்தக் கிணற்றை அடைத்த கிணறு என்று முதன்முதலில் சொன்னது யார்? பின்னால் பின்னால் போனேன். ஒரு பக்கத்தில், பதினேழுக்கு நேரே, 'அடைப்பு இருக்கலாம், விடுக' என்று பென்சிலில் எழுதியிருந்தது. என் கையெழுத்து. சூத்திரம் அமைந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். யாரும் போய்ப் பார்க்கவில்லை, அடைப்பு இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. என் வளைகோட்டில் வரவில்லை என்பதற்காக ஒரு நல்ல கிணற்றுக்குப் பொய்யன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பெயரைத் தாமோதரனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இத்தனை வருஷமாக இரண்டு அறையில் உட்கார்ந்து இரண்டு பேர் போட்ட கணக்கு ஒரே ஆளின் கணக்கு. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

பதினேழைச் சேர்த்துப் போட்டேன். கிழக்கு ஓரத்தில் மணல் வேறு மாதிரி இருக்கிறது, தண்ணீர் அங்கே வேகமாக ஏறுகிறது என்று வந்தது. பதினொரு மணி நேரம் இல்லை, எட்டு. மதியம் இரண்டு மணிக்கு அந்த இடத்தில் தண்ணீர் கோட்டைத் தொடும். நான் இதைப் போட்டு முடித்தபோது மணி பதினொன்றரை.

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. மறுபடி போட்டேன். எட்டு. தசம ஸ்தானங்களைக் கூட்டி மூன்றாம் தடவை போட்டேன். எட்டேகால். அந்தக் கால் மணி நேரத்துக்கு நான் பட்ட சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது. பதினேழின் எண்ணை அஞ்சலை தப்பாக எழுதியிருப்பாளோ என்று யோசித்தேன். அவள் தப்பாக எழுதியதே இல்லை என்பது எனக்குத் தெரியும். சரிபார்க்கிறேன், சரிபார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிபார்ப்பா அது? கதவைத் திறந்து சாரிடம் போனால் சூத்திரம் போச்சு, ஆய்வேடு போச்சு, பட்டம் போச்சு. அதற்காக உட்கார்ந்திருந்தேன். கீழே ஆள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்தேன். எது எழுப்பியது என்று கேட்டால் தெரியாது. கால் தானாக நடந்தது. சார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்.

"சார், நான் குடுத்த பதினொன்னு தப்பு. எட்டுதான்."

அவர் தாளை வாங்கினார். நின்றபடியே கடைசி வரியைப் பார்த்தார். "தாமோதரனுக்கும் பதினொன்னு வந்துச்சே?"

"அவருக்கும் நான்தான் சார் தப்பு."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. "ம்" என்றார். போனை எடுத்தார். "கீழ இருக்கிற அத்தனை பேரையும் மேல ஏத்துங்க. ஆமா, இப்பவே. கேபிள் எது முடிஞ்சிருக்கோ அந்தப் பம்பை எல்லாம் போடுங்க. முடியாதது அப்புறம்." இன்னும் மூன்று இடத்துக்குப் பேசினார். ஒன்றேகாலுக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஒன்றரைக்கு ஏழு பம்புகள் ஓடின. பதினேழில் அப்போது தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

சார் அன்று மாலை அறிக்கை எழுதினார். 'கணக்குப் பிரிவு தவற்றைத் தானே கண்டறிந்து உடனடியாகத் தெரிவித்தது.' அந்த 'உடனடியாக' என்ற சொல்லை நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மறுநாள் முதல் பதினேழின் மேல் யாரும் கோடு கிழிக்கக்கூடாது என்று மட்டும் உத்தரவு வந்தது.

அந்தச் சனிக்கிழமை சிதம்பரத்துக்குப் போனேன். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். "ஒரு கிணறுதானேம்மா. கிழக்கு ஓரம் நீங்கலாகன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. பட்டம் வந்துடும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நீங்கலாக என்று எழுதத்தான் நான் கற்று வைத்திருந்தேனே. முடியாது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று ஒரு வருஷம் பார்த்தேன். ஒரு எண் போதாது, எத்தனை எண் வேண்டும் என்றே பிடிபடவில்லை. பதிவுக்காலம் முடிந்துபோனது. மகன் பலகைக்குக் கொடுத்த அச்சாரத்தைத் திரும்ப வாங்கி வந்தான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அது வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். இன்றைக்கும் யாராவது டாக்டர் இன்னார் என்று கையெழுத்துப் போட்டால் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில வருஷம் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவுக்கு வைத்தியநாதன் சார் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். மைக்கில் பேசியது மூன்று வாக்கியம். "தப்புன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் என்கிட்ட வந்து நின்னவங்க இவங்க. அந்த மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம். வணக்கம்." கைதட்டல் நிற்கவே இல்லை. நான் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மந்தாரக்குப்பத்துக்குப் போனேன். அஞ்சலை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரு என்று சொல்லிவிட்டு நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான் அன்றைக்குத் தப்பு தெரிந்தது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

"அப்ப நான் சொல்லாம இருந்தா நீங்க டாக்டராயிருப்பீங்களாம்மா?" என்றாள்.

"அது வேற அஞ்சலை. நீ சொன்னதும் பதினொன்னரைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பன்னெண்டே முக்காலுக்குத்தான் போய்ச் சொன்னேன். இது சாருக்கே தெரியாது."

அவள் கீரையிலிருந்து கையை எடுத்தாள். "ஒண்ணேகால் மணி நேரம்."

"ஆமா."

"எங்க வூட்டுக்காரு அன்னிக்குக் கீழதாம்மா இருந்தாரு. குழா மாத்துற ஆளுங்களோட."

எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் தினமும் என் மேசைக்கு வந்தவள். அவள் வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கியவர் எழுந்திருக்கிறார் போல.

"யாரு வந்துகீறாங்க?" என்று கேட்டார்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. "எங்க ஆபீஸ் அம்மா. ரிட்டயர் ஆயிட்டாங்க. சொல்லிட்டுப் போவலாம்னு வந்துருக்காங்க" என்றாள்.

அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஒல்லியான மனுஷர், தலை முழுக்க நரை. "நிக்க வச்சே பேசிக்கினு கீற" என்று அவளைக் கடிந்துவிட்டு உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தார். தோளில் கிடந்த துண்டால் அதை இரண்டு தடவை துடைத்து எனக்கு முன்னால் போட்டார்.

"உக்காருங்கம்மா" என்றார்.

நான் உட்கார்ந்தேன்.